காட்டுக் கிழங்கும் கீரையும் பள்ளிச் சாப்பாட்டில்: எதைச் சேர்க்கலாம், எதைத் தொடக்கூடாது?

மலைப்பள்ளி ஆசிரியர்:

எல்லோருக்கும் வணக்கம். நீலகிரியில் கோத்தகிரிக்குக் கீழே இறங்குகிற சரிவில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். இங்கே படிக்கிறவர்கள் பெரும்பாலும் இருளர், குறும்பர் வீட்டுப் பிள்ளைகள். என் ஊர் ஈரோட்டுப் பக்கம். எனக்குத் தெரிந்த கீரையெல்லாம் சந்தையில் கட்டுக்கட்டாக வருகிற கீரைதான்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓடை வரைக்கும் இந்தப் பிள்ளைகளோடு நடந்து பார்க்க வேண்டும். வழியெல்லாம் எதையாவது பறித்து வாயில் போட்டுக்கொண்டே வருவார்கள். புளியாரையைக் கிள்ளி மெல்லுவார்கள், எந்தப் புதர் சூரைப்பழம் இனிக்கும், எதில் வெறும் கொட்டைதான் என்று அத்துப்படி, மேல்பக்கம் போனால் தவிட்டுப்பழம் தின்று நாக்கு ஊதாவாகத் திரும்பி வருவார்கள். தை, மாசி வாக்கில் சருகாகிப்போன ஒரு கொடியைக் காட்டி "சார், இதுக்கு அடியில கவலை இருக்கு" என்று கவலைக்கிழங்கைச் சொல்கிறான் ஆறாம் வகுப்புப் பையன். அதே பையன்தான் விடுதியில் சோற்றையும் சாம்பாரையும் பாதி தின்றுவிட்டுத் தட்டோடு எழுந்து போகிறான். மருத்துவ முகாம் வைத்தால் நிறையப் பிள்ளைகளுக்கு இரத்தசோகை என்று எழுதிக் கொடுக்கிறார்கள்.

வாரத்தில் ஒரு நாளாவது இவர்கள் வீட்டில் சாப்பிடுகிற காட்டுக் கீரையும் கிழங்கும் விடுதியில் சமைக்கலாமே என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். "காட்டில் பொறுக்கித் தின்கிற நிலைமையிலிருந்து மீட்கத்தானே இங்கே படிக்க வைக்கிறோம்" என்றார் உடன் வேலை பார்க்கும் ஒருவர். அந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் எடுத்துச் சொல்ல விவரம் வேண்டுமே. கிழங்கில் விஷமுள்ளதும் உண்டு என்கிறார்கள், எது என்று எப்படித் தெரியும்? பெற்றோர் பறித்துவந்து கொடுத்தால் வனத்துறையில் சிக்கல் வருமா? அப்புறம், பிள்ளைகளை வைத்து இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கவும் ஆசை, அதில் ஏதாவது யோசிக்க வேண்டியது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கொடிவழி:

தாவரவியல் படித்தவன், கிழங்குக் கொடிகளில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம், அதனால் முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

காட்டு வள்ளிக் கிழங்குகள் எல்லாம் டயஸ்கோரியா என்ற ஒரே பேரினம். உங்கள் பையன் காட்டிய கவலைக்கிழங்கு டயஸ்கோரியா ஆப்போசிட்டிஃபோலியா. ஒவ்வொரு காம்பிலும் பிளவுபடாத ஒரே இலை, அதுவும் கொடியில் எதிரெதிராக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்கக் காட்டு மக்கள் அதிகம் நம்பியிருப்பது இதைத்தான். வேகவைத்தோ தணலில் சுட்டோ சாப்பிடலாம், நஞ்சு நீக்குகிற வேலை எதுவும் கிடையாது. அடுத்தது நூரை, டயஸ்கோரியா பென்டாஃபில்லா. ஒரு காம்பில் மூன்றிலிருந்து ஐந்து சிற்றிலை விரல் விரித்தாற்போல இருக்கும், தண்டின் அடிப்பக்கம் முள் இருக்கும், இலைக் கக்கத்தில் சின்னச் சின்னக் காய் மாதிரிக் குமிழ்க் கிழங்கும் வரும். இன்னொன்றும் பாருங்கள்: கவலை வலப்பக்கமாகச் சுற்றி ஏறும், நூரை இடப்பக்கமாக. இலை உதிர்ந்துபோன பிறகும் காய்ந்த கொடியைப் பார்த்தே இது எது என்று சொல்கிறவர்கள் இதையெல்லாம்தான் பார்க்கிறார்கள்.

இப்போது கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. டயஸ்கோரியா ஹிஸ்பிடா என்று ஒன்று உண்டு, ஒரு காம்பில் மூன்று சிற்றிலை. இதன் கிழங்கில் டயஸ்கோரின் என்கிற நச்சு இருக்கிறது. அப்படியே தின்றால் வாந்தி, மயக்கம், வலிப்பு வரை போகும், உயிரும் போகலாம். ஒடிசா காடுகளில் ஆதிவாசிகள் இதையும் சாப்பிடுகிறார்கள், ஆனால் மெல்லிய வில்லைகளாகச் சீவிக் கூடையில் போட்டு ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் கிடத்தி, நஞ்சு வெளியேறிய பிறகுதான் அடுப்பில் ஏற்றுகிறார்கள். இளம் நூரைக் கொடியிலும் சில சமயம் மூன்று சிற்றிலைதான் இருக்கும். அதனால் கைப்பேசியில் படம் பார்த்து முடிவு பண்ணுகிற வேலையே வேண்டாம். காய்வள்ளி என்கிற டயஸ்கோரியா பல்பிஃபெராவில் கசப்பு ஏறிய காட்டு வகைகள் உண்டு, அதுவும் சாம்பல் போட்டு வேகவைத்தும் நீர் மாற்றியும் கசப்பை எடுக்கத் தெரிந்தவர் கைக்கு மட்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் கண்வலிக்கிழங்கைப் பற்றித்தான். செங்காந்தள் செடியின் கிழங்கு. பூ இருக்கும்போது யாருக்கும் குழப்பம் வராது, இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பி மாதிரி இருப்பதும் அடையாளம். செடி காய்ந்து மடிந்த பிறகு மண்ணுக்குள் கிடைக்கிற கிழங்கை மட்டும் பார்த்தால் வள்ளிக்கிழங்கு என்று எடுத்துவிடுவார்கள். உள்ளே கோல்ச்சிசின், வேகவைத்தாலும் போகாது. இலங்கையில் வள்ளி என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களிலேயே வந்திருக்கிறது. பள்ளிக்கு வருகிற கிழங்கு எதுவானாலும், அந்தக் கொடியை உயிரோடு பார்த்துத் தோண்டிய ஆள் நேரில் வந்து "இது நான் தோண்டியது" என்று கொடுக்க வேண்டும். வேறு யார் மூலமாகவும் வாங்காதீர்கள்.

மூங்கில் குருத்திலும் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. மெல்லியதாக நறுக்கி, இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, நன்றாகக் கொதிக்கவைத்து வடித்த பிறகு பிரச்சினை இல்லை. மதனகாமப்பூ மரம் என்று சொல்கிற சைக்கஸின் கொட்டையை மாவாக்கிச் சாப்பிடுகிற வழக்கம் நீலகிரி, வயநாடு பக்கம் உண்டு. அதைப் பள்ளிச் சமையலறைக்குள் கொண்டுவரவே வேண்டாம், அதன் நஞ்சு நுட்பமானது, மரமும் அழிவின் விளிம்பில் இருக்கிறது.

சிறுகாட்டுப் பெண்:

சார், நான் இருளர் வீட்டுப் பெண், சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். உங்களோடு வேலை பார்ப்பவர் சொன்ன வார்த்தையை நான் விடுதியில் படித்தபோது எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. அதனால் அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

பொறுக்குவது என்றால் கீழே கிடப்பதை எடுப்பது. எங்கள் பாட்டி கவலை தோண்டுவதைப் பார்த்தவர்கள் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். அந்தக் கிழங்கு பாறை இடுக்குக்குள் நேர் கீழே இறங்கும், இடுப்பு ஆழம், சில இடத்தில் அதற்கு மேலும். முனையில் இரும்பு மாட்டிய கம்பால் மண்ணைப் பறித்துப் பறித்து, கையால் அள்ளி வெளியே போட்டு, கடைசியில் குப்புறப் படுத்துத் தோள் வரைக்கும் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். பாதியில் உடைந்தால் மீதி உள்ளேயே நின்றுபோகும். எடுத்த பிறகு கொடியோடு ஒட்டியிருக்கிற தலைப்பகுதியை ஒரு சாண் அளவு நறுக்கித் திரும்பக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். அடுத்த மழைக்கு அது திரும்பத் துளிர்க்கும். குழியை மூடாமல் எழுந்தால் அடி விழும், எனக்கே விழுந்திருக்கிறது. எந்தக் குழி யார் வீட்டுக்காரர் போன தடவை தோண்டியது, அதை எத்தனை வருஷம் விட்டுவைக்க வேண்டும் என்பதெல்லாம் ஊரில் பேச்சிலேயே இருக்கும். பன்றியும் முள்ளம்பன்றியும் அதே கிழங்குக்கு வரும், அதுகளுக்கும் விட்டுத்தான் எடுப்போம். இதைத் தெரிந்து வைத்திருக்கிற பிள்ளை பின்தங்கிய பிள்ளை இல்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். நீங்கள் கிழங்கில் தொடங்க வேண்டாம், கீரையில் தொடங்குங்கள். கிழங்கு மாவுச்சத்து, வயிற்றை நிரப்பும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் இரத்தசோகைக்கு வேண்டியது கீரையும் பயறும்தான். மழை பிடித்ததும் எங்கள் வீடுகளில் தகரைக் கொழுந்து, பண்ணைக்கீரை, முள்ளிக்கீரை, சுக்குட்டிக்கீரை என்று நாலைந்தைக் கலந்துதான் கடைவோம், ஒரே கீரையைத் தனியாக வைப்பது கம்மி. ராகிக் களிக்கும் சாமைச் சோற்றுக்கும் அது அவ்வளவு பொருத்தம். சேம்பு இலையும் தண்டும் போட்டால் புளி சேர்த்து நன்றாக வேகவிட வேண்டும், இல்லையென்றால் தொண்டை அரிக்கும், ஒரு தடவை அரித்துவிட்டால் அந்தப் பிள்ளை அப்புறம் தொடவே தொடாது. கூடவே ஒரு நெல்லிக்காயைக் கொடுங்கள், கீரையில் இருக்கிற இரும்பு உடம்பில் சேர வைட்டமின் சி வேண்டும். மலையில் எல்லா வீட்டிலும் இருக்கிற பழக்கம், சாப்பிட்ட கையோடு கட்டன் சாயா. அது இரும்பைச் சேரவிடாது. விடுதியில் டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுத்தாலே கொஞ்சம் வித்தியாசம் தெரியும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்ட ஓரத்தில் முளைத்த கீரையை யார் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். களைக்கொல்லி அடிக்கிற இடம் அது. அடித்த அன்றைக்கு இலை பச்சையாகத்தான் இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் பெண்களுக்குக் காட்டுக்குள் போகிற வழி அடைபட்ட பிறகு, பக்கத்தில் இருக்கிறதே என்று தோட்ட ஓரத்தில்தான் நிறையப் பேர் பறிக்கிறார்கள், எனக்கு இது பெரிய கவலையாக இருக்கிறது.

கோவை சமையல் பிரியை:

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது அக்கா. கவலையும் நூரையும் கோவையில் எங்கே வாங்கலாம்? நல்ல விலை கொடுக்க நிறையப் பேர் தயாராக இருக்கிறோம், அந்தக் குடும்பங்களுக்கும் வருமானம் ஆகுமே.

சிறுகாட்டுப் பெண்:

நல்ல மனசோடு கேட்கிறீர்கள், ஆனால் வேண்டாம் தங்கச்சி. கவலை ஒரு வீட்டுக்கு ஒரு வேளைக்கு ஆகிற மாதிரித் தோண்டுகிற பொருள். மூட்டைக்கணக்கில் கேட்டால் தலைப்பகுதியைத் திரும்ப வைக்கிற பொறுமை யாருக்கும் இருக்காது, வெளியாட்களும் கம்பியோடு வந்துவிடுவார்கள், இரண்டு மூன்று வருஷத்தில் அந்தச் சரிவில் கொடியே இருக்காது. வாங்க ஆசைப்பட்டால் தேன், நெல்லிக்காய், சாமை, தினை வாங்குங்கள். நெல்லியில் கிளையை வெட்டாமல் காயை மட்டும் பறித்தால் மரம் அப்படியே இருக்கும். கிழங்குதான் வேண்டுமென்றால் தோட்டத்தில் பயிர் பண்ணுகிற பெருவள்ளியும் சிறுவள்ளியும் மார்கழி, தை மாதத்தில் சந்தைக்கே வருகிறது, பொங்கலுக்கு வாங்குவீர்களே, அதுவும் அதே குடும்பம்தான்.

தாளவாடிக்காரன்:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். சத்தியமங்கலம் காட்டுப் பக்கம் சோளகர் ஊர்களில் வன உரிமை மனுக்களுக்கு உதவி செய்கிறேன்.

சட்டம் தெளிவாக இருக்கிறது சார். 2006 வன உரிமைச் சட்டத்தில் பிரிவு 3(1)(சி) என்பது சிறு வன மகசூலைச் சேகரிக்க, பயன்படுத்த, விற்க காட்டு மக்களுக்கு உள்ள உரிமை. சிறு வன மகசூல் என்றால் எதெல்லாம் என்று அதே சட்டம் சொல்கிறது: மூங்கில், தேன், மெழுகு, மூலிகை, வேர், கிழங்கு என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. இது ஊருக்கான சமூக உரிமை, பி படிவத்தில் கிராம சபை வழியாகக் கேட்க வேண்டும், அங்கிருந்து கோட்ட அளவிலான குழுவுக்கும் பிறகு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். பழங்குடியினருக்கு எழுபத்தைந்து வருஷ ஆதாரம் தேவையில்லை, அந்த நிபந்தனை மற்ற வனவாசிகளுக்குத்தான், ஆனால் பல ஊர்களில் இதைக்கூடத் தவறாகச் சொல்லி மனுவைத் திருப்பி அனுப்புகிறார்கள். புலிகள் காப்பகத்துக்குள் எல்லாம் கிடையாது என்றும் சொல்வார்கள். அதுவும் சரியில்லை. எங்களுக்கு அடுத்தாற்போல இருக்கிற கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில், புலிகள் காப்பகம் என்று அறிவித்த அதே 2011-இல், சோளகர் கிராம சபைகளுக்குச் சமூக உரிமை கொடுத்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, பிள்ளைகளின் ஊர்களில் இந்த உரிமை கிடைத்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் பெற்றோரைக் காட்டுக்கு அனுப்பிப் பள்ளிக்காகப் பறிக்கச் சொல்லாதீர்கள், மாட்டிக்கொண்டால் வழக்கு அவர்கள் மேல்தான் வரும், பள்ளி மேல் வராது. வீட்டுக் கொல்லையிலும் ராகிக் காட்டிலும் முளைக்கிற கீரைக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், தொடக்கத்துக்கு அது போதும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இது சட்டத்தில் வராத விஷயம். உரிமை கையில் இருந்தாலும் காட்டில் பொருள் இருக்க வேண்டுமே. எங்கள் பக்கம் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தா தோட்டத்துக்குக் கொண்டுவந்த செடி, இன்று ஆள் நுழைய முடியாத புதராக நிற்கிறது. அதற்கு அடியில் நூரைக் கொடி முளைக்க வெயிலே விழுவதில்லை. முன்காலத்தில் கோடை முற்றுவதற்கு முன்பே சருகை மட்டும் எரிக்கிற சின்னத் தீ வைப்பார்கள், அது நின்றதும்தான் உண்ணி இப்படி ஏறியது என்று எங்கள் பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். புதருக்குள் யானை நிற்கிறதா என்றும் தெரியாது, அதனால் பெண்கள் உள்ளே போவதையே விட்டுவிட்டார்கள். போகாத காட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது? உங்கள் ஆறாம் வகுப்புப் பையனுக்குக் காய்ந்த கொடியைப் பார்த்துக் கவலை தெரிகிறது என்றால் அவனை யாரோ இன்னும் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று அர்த்தம். எங்கள் ஊரில் அந்த வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது தெரியாது.

பேச்சிப்பாறை வாசி:

நோட்டில் எழுதுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அகத்தியமலைப் பழங்குடிகளான காணிக்காரர்கள் காட்டில் நடக்கும்போது களைப்புத் தெரியாமலிருக்க ஒரு செடியின் காயைத் தின்பார்கள், ஆரோக்கியப்பச்சை என்று இப்போது பெயர். 1987-இல் கூடப்போன விஞ்ஞானிகள் அதைக் கவனித்துக் கேட்டார்கள், வழிகாட்டியாகப் போன காணிக்காரர்கள் சொன்னார்கள், அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. வருகிற உரிமப் பணத்தில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடாகி, 1997-இல் அதற்கென ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. உலகமே அதை முன்மாதிரி என்று பேசியது. ஆனால் இது எல்லோருக்கும் பொதுவான அறிவாயிற்றே, இரண்டு மூன்று பேர் எப்படிச் சொல்லலாம் என்ற சங்கடம் காணிகளுக்குள்ளேயே இருந்தது. அந்தச் செடியைப் பயிர் செய்வதிலும் வனத்துறையோடு இழுபறி வந்தது.

அதனால் நோட்டு பள்ளி அலமாரியில் இருக்கக்கூடாது சார், ஊரில் இருக்கட்டும். எதை எழுதலாம் எதை எழுத வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். இடத்தைக் குறிக்காதீர்கள், எந்தப் பாறைக்குப் பக்கத்தில் எந்தக் கொடி என்பதெல்லாம் வெளியே போகவே கூடாது. மருந்துக்கு ஆகிற செடியைத் தனியாக விட்டுவிடுங்கள், சாப்பாட்டை மட்டும் எழுதுங்கள். இணையத்தில் ஏற்றுகிற ஆசையும் வேண்டாம். பாரம்பரிய அறிவு அந்தச் சமூகத்துக்குச் சொந்தம் என்று மேலே சொன்ன அதே வன உரிமைச் சட்டத்தில் 3(1)(கே) பிரிவு இருக்கிறது, தலைமை ஆசிரியரிடம் காட்டுங்கள்.

மலைப்பள்ளி ஆசிரியர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கிழங்கை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன், கீரையில் தொடங்குகிறேன், அதுவும் வீட்டுக் கொல்லைக் கீரை மட்டும். டீயைத் தள்ளிக் கொடுப்பதை இந்த வாரமே பேசிவிடுகிறேன், அதற்குக் கூட்டம் கூட வேண்டியதில்லை. நோட்டை ஊரில் யார் பொறுப்பில் வைப்பது என்று பெற்றோரைக் கேட்டுச் செய்கிறேன். சிறுகாட்டு அக்காவிடம் ஒரு கேள்வி: எங்கள் சமையல்காரர் இந்தக் கீரைகளைக் கையால் தொட்டதே இல்லை. யார் சமைப்பது, எப்போது தொடங்குவது?

சிறுகாட்டுப் பெண்:

சமைக்கிறவரைக் குறை சொல்ல முடியாது சார், அவருக்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. இருளர் வீட்டம்மா ஒருத்தரையும் குறும்பர் வீட்டம்மா ஒருத்தரையும் மாற்றி மாற்றி அழைத்துவாருங்கள், இரண்டு வீட்டுப் பக்குவமும் வேறு. வந்து போகிற நாளுக்குக் கூலி கொடுங்கள், அவர்கள் அன்றைக்குத் தோட்ட வேலையை விட்டுவிட்டு வருவார்கள். கீரை ஆய்கிற வேலையைப் பெரிய பிள்ளைகளே செய்யட்டும், தெரியாததைத் தள்ளி வைக்கிற பழக்கமும் அப்போதுதான் வரும், சந்தேகமாக ஒரு இலை வந்தாலும் அந்த அம்மா பார்க்காமல் சட்டியில் விழக்கூடாது. புதிதாக ஒரு கீரையைப் போடும்போது முதல் தடவை கொஞ்சமாகக் கொடுங்கள், சமவெளிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு இன்னும் கொஞ்சமாக. ஆனி கடைசியில், ஆடியில் தொடங்கினால் தகரைக் கொழுந்து சரியான பதத்தில் கிடைக்கும். பூ விட்ட பிறகு கசப்பு ஏறிவிடும், அப்போது பறிக்க வேண்டாம் என்று பிள்ளைகளே உங்களுக்குச் சொல்வார்கள்.